போர் விமான சிமுலேட்டருக்குக் கையேடு எழுதும் முறை

டிசிஎஸ் வேர்ல்டு சிமுலேட்டரில் எஃப்/ஏ-18சி ஹார்னெட் விமானத்தின் காக்பிட்டில் முதன்முறையாக உட்காருபவர் கண்முன் மூன்று திரைகளும் இருபுறமும் பலகை பலகையாகச் சுவிட்சுகளும் இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவற்றை மவுஸால் இயக்கலாம். தயாரித்த நிறுவனமே பல நூறு பக்கங்களில் கையேடு தருகிறது. ஆனாலும் விமானங்களை ஆசையோடு பழகியவர்கள் எழுதும் தனிக் கையேடுகளுக்குத் தேவை குறைந்தபாடில்லை. அதற்குக் காரணம் உண்டு. நிறுவனத்தின் கையேடு ஒவ்வொரு சுவிட்சும் என்ன என்று விளக்குகிறது. வாசகருக்கோ இப்போது எதைத் தொடுவது, தொட்டது பலித்ததா என்பதை எப்படி அறிவது என்ற இரண்டும் தெரிய வேண்டியிருக்கிறது. செய்ய வேண்டிய செயலும் அதற்கு விமானம் தரும் பதிலும் சேர்ந்தால்தான் கையேட்டில் ஒரு படி முழுமையாகும் என்பது என் கருத்து. கீழே சொல்லப்படுபவை யாவும் இந்த ஒன்றிலிருந்து வருபவையே.

எழுதத் தொடங்கும் முன் எந்த விமானம் என்பதோடு, அதன் எந்த வகை என்பதையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். மிக்-21 விமானத்தை இந்திய விமானப்படை 1963 முதல் 2025 செப்டம்பர் 26 வரை பயன்படுத்தியதால் நம்மிடையே அதற்குத் தனி ஈர்ப்பு உண்டு. ஆனால் கடைசிவரை சேவையில் இருந்தது கோபியோ ரேடாரும் ஆர்-73, ஆர்-77 ஏவுகணைகளும் பொருத்தி மேம்படுத்தப்பட்ட பைசன் வகை. டிசிஎஸ்ஸில் கிடைப்பது அதற்கு முந்தைய தலைமுறை ரேடாருடன் கூடிய மிக்-21பிஸ். பைசன் குறித்துப் படித்த செய்முறையைப் பிஸ் கையேட்டில் சேர்த்துவிட்டால், வாசகர் அந்தக் காக்பிட்டில் இல்லவே இல்லாத ஒரு பொத்தானைத் தேடி அலைவார். ஆகவே முதல் பக்கத்திலேயே விமானத்தின் முழு வகைப் பெயரும், எந்தக் காலத்து அமைப்பு என்பதும் இடம்பெற வேண்டும்.

அடுத்தது மூலங்கள். உண்மையான விமானத்தின் பொதுவில் வெளியான கையேடு, சிமுலேட்டர் நிறுவனத்தின் கையேடு, நீங்களே காக்பிட்டில் உட்கார்ந்து பார்த்தது என இவை மூன்று அடுக்குகள். ஸ்பிட்ஃபயர் எல்எஃப் மார்க் 9 விமானத்துக்கு எழுதுபவருக்குப் பிரிட்டிஷ் விமானப்படையின் ஏ.பி. 1565ஜே என்ற விமானிக் குறிப்பேடு இருக்கிறது. ஹார்னெட்டுக்கு அமெரிக்கக் கடற்படையின் நாட்டாப்ஸ் என்ற விமான இயக்கக் கையேடு இருக்கிறது. இந்த மூன்று அடுக்குகளும் முரண்படும் இடங்களில் சிமுலேட்டரில் நடப்பதையே படியாக எழுதிவிட்டு, உண்மை விமானத்தில் எப்படி என்பதைத் தனிக் குறிப்பாகத் தருவதே நல்லது. வாசகர் பறக்கப் போவது சிமுலேட்டரில்தானே தவிர அமெரிக்காவின் மிராமர் விமானத் தளத்தில் அல்ல. மூலம் தேடும் ஆர்வத்தில் வெளியிடத் தடை செய்யப்பட்ட ராணுவ ஆவணங்கள் பக்கம் போய்விடவும் கூடாது. 2021இல் வார் தண்டர் என்ற போர் விளையாட்டின் இணைய மன்றத்தில் ஒரு டாங்கியின் அமைப்பு குறித்த வாக்குவாதத்தில் பிரிட்டனின் சாலஞ்சர் 2 பற்றிய ஆவணப் பக்கங்களை ஒருவர் வெளியிட்டுப் பெரும் சிக்கலானது. ஒரு விளையாட்டுக்காக ஏற்க வேண்டிய வம்பு அல்ல அது.

இனி எழுதும் வேலை. குளிர்ந்த நிலையில் நிற்கும் ஹார்னெட்டை உயிர்ப்பிப்பதை எடுத்துக்கொள்வோம். ஏபியூ என்பது பெரிய இன்ஜின்களைக் கிளப்ப உதவும் சிறு துணை இன்ஜின், கிராங்க் என்பது இன்ஜினைச் சுழற்றித் தொடங்குவது, ஆர்பிஎம் என்பது இன்ஜினின் சுழல்வேகம், த்ராட்டில் என்பது இன்ஜினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல், ஐடில் என்பது அதன் மிகக் குறைந்த ஓட்ட நிலை. ஒரு படிவரிசை எப்படி இருக்கலாம் என்பதற்கு இது ஒரு மாதிரி:

"வலப்பக்கப் பலகையின் மின்சாரப் பகுதியில் பேட்டரி சுவிட்சை ஆன் நிலைக்குத் தள்ளவும். இடப்பக்கப் பலகையில் ஏபியூ சுவிட்சை ஆன் நிலைக்குத் தள்ளவும். அருகிலுள்ள பச்சை விளக்கு எரியும்வரை காத்திருக்கவும். அதே பகுதியில் உள்ள இன்ஜின் கிராங்க் சுவிட்சை வலப்பக்கம் தள்ளவும். இடது திரைக்குக் கீழேயுள்ள இன்ஜின் காட்டியில் வலது ஆர்பிஎம் ஏறத் தொடங்கும். அது 10 விழுக்காட்டைத் தாண்டிய பின், வலது த்ராட்டிலை ஆஃப் நிலையிலிருந்து ஐடில் நிலைக்குக் கொண்டுவரவும். ஆர்பிஎம் 63க்கும் 70க்கும் இடையே நிலைகொள்ளும். கிராங்க் சுவிட்ச் தானாக நடுவுக்குத் திரும்பும்."

இதில் காத்திருக்கும் இடங்களைக் கவனியுங்கள். பச்சை விளக்கு, 10 விழுக்காடு, நடுவுக்குத் திரும்பும் சுவிட்ச் ஆகிய மூன்றும் விமானம் சொல்லும் பதில்கள். இவற்றை விட்டுவிட்டு "ஏபியூவைப் போடவும், வலது இன்ஜினை இயக்கவும்" என்று இரண்டு சொற்றொடரில் முடித்துவிடலாம். பழகியவருக்கு அதுவே போதும். புதியவர் விளக்கு எரியும் முன்பே கிராங்க் சுவிட்சைத் தட்டிவிட்டு, எதுவும் நடக்காததைக் கண்டு விளையாட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து மூடிவிடுவார். வலது இன்ஜினை முதலில் இயக்குவது ஏன் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: சாதாரண பிரேக்குக்கு வேண்டிய ஹைட்ராலிக் அழுத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. காரணம் தெரிந்தவர் வரிசையை மறப்பதில்லை.

பதிலை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். ஹார்னெட்டில் எஃப்சிஎஸ் (பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு) ரீசெட் பொத்தானை அழுத்தினால், திரையில் எஃப்சிஎஸ் பக்கத்தில் நிறைந்திருக்கும் பெருக்கல் குறிகள் மறையும். என் முதல் கையேட்டில் "குறிகள் யாவும் மறைய வேண்டும்" என்று எழுதியிருந்தேன். விமானந்தாங்கிக் கப்பலில் இறக்கை மடித்த நிலையில் தொடங்கிய நண்பர் ஒருவர், இறக்கை விளிம்பில் அசையும் எய்லரானுக்குரிய குறிகள் மட்டும் போகவில்லையே என்று அந்தப் பொத்தானை அரை மணி நேரம் அழுத்திக்கொண்டிருந்தார். இறக்கை மடிந்திருக்கும்வரை அந்தக் குறிகள் நிற்பதே சரியான பதில். இறக்கையை விரித்துப் பூட்டிய பின் மீண்டும் ரீசெட் செய்தால்தான் போகும். நான் ஓடுதளத்திலிருந்து மட்டுமே சோதித்துப் பார்த்திருந்தேன். அன்றிலிருந்து எந்தப் படியையும் தரையில் ஒருமுறை, கப்பலில் ஒருமுறை செய்துபார்க்காமல் எழுதுவதில்லை.

வினைச்சொற்களில் கண்டிப்பு தேவை. பொத்தான் என்றால் அழுத்தவும், சுவிட்ச் என்றால் தள்ளவும், குமிழ் என்றால் திருப்பவும், விரலை எடுக்கக் கூடாதது என்றால் அழுத்திப் பிடிக்கவும் என்று வகுத்துக்கொண்டு, கடைசிப் பக்கம்வரை அதே சொற்களைப் பயன்படுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் "ஆன் செய்யவும்" என்று எழுதுவது எழுதுபவருக்குத்தான் வசதி. புறப்பாட்டுக்கு ஏற்றபடி விமானத்தின் கட்டுப்பாட்டுப் பரப்புகளை நிலைப்படுத்தும் ஹார்னெட்டின் டேக்-ஆஃப் டிரிம் பொத்தான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது தனியாக இல்லை. இடப்பக்கப் பலகையில் ரட்டர் (வால் சுக்கான்) டிரிம் குமிழின் நட்ட நடுவில் இருக்கிறது. மவுஸ் சற்று விலகினால் பொத்தானுக்குப் பதிலாகக் குமிழ் திரும்பிவிடும், விமானம் ஒரு பக்கமாக இழுக்கும். "குமிழின் நடுவிலுள்ள பொத்தானை, திரையில் டிரிம் என்ற சொல் தோன்றும்வரை அழுத்திப் பிடிக்கவும், குமிழைத் திருப்ப வேண்டாம்" என்று எழுதினால் இந்தத் தொல்லை வராது.

தமிழில் எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. நம் சொற்றொடரில் இடமும் நிபந்தனையும் முன்னே வந்து வினை கடைசியில் வருகிறது. "10 விழுக்காட்டைத் தாண்டிய பின் த்ராட்டிலைக் கொண்டுவரவும்" என்பதைப் படிப்பவர் நிபந்தனையை அறிந்த பிறகே செயலுக்கு வருகிறார். கையை நகர்த்திவிட்டு அப்புறம் "ஐயோ, காத்திருக்க வேண்டுமாமே" என்று திகைக்க வேண்டியதில்லை. அதே அமைப்பு கெடுதலும் செய்யும்: மூன்று நிபந்தனைகளை அடுக்கி ஒரே வினையில் முடித்தால், வாசகர் கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதல் நிபந்தனையை மறந்திருப்பார். படிகளில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை போதும். நீண்ட வாக்கியங்களை விளக்கப் பகுதிக்கு ஒதுக்கிவையுங்கள்.

பலகையில் பொறித்துள்ள பெயர்களை மொழிபெயர்க்கக் கூடாது. பேட்டரியை மின்கலம் என்றும் கிராங்கைச் சுழற்றி என்றும் எழுதினால் தமிழ் வாழும், விமானம் கிளம்பாது. வாசகர் கண்ணால் தேடப்போவது அங்கே பொறித்திருக்கும் எழுத்தைத்தான். ஆனால் அந்தச் சுவிட்ச் என்ன செய்கிறது என்ற விளக்கத்தை முழுத் தமிழில் தாராளமாக எழுதலாம். விசைப்பலகைக் குறுக்குவிசைகளை நம்பியும் எழுத வேண்டாம். அவரவர் ஜாய்ஸ்டிக்குக்கு ஏற்ப மாற்றி வைத்திருப்பார்கள் என்பதால், காக்பிட்டில் உள்ள இடத்தைச் சொல்வதே எல்லாருக்கும் பொருந்தும்.

படங்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் எடுத்து, ஒரு படத்தில் நான்கைந்து இடங்களுக்கு மேல் எண் குறிக்காமல் இருந்தால் சரி. செய்வதற்கு முன் ஒன்றும் செய்த பின் ஒன்றுமாகத் திரையின் படத்தை அருகருகே வைத்தால் விமானத்தின் பதில் எழுத்தில்லாமலே புரியும்.

எண்களை எழுதும்போது அவற்றின் காரணத்தையும் எழுதுங்கள். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் 66 இன்ஜினுக்கு 3000 ஆர்பிஎம், 18 பவுண்டு பூஸ்ட் (இன்ஜினுக்குள் செல்லும் காற்றின் கூடுதல் அழுத்தம்) என்பது ஐந்து நிமிடத்துக்கு மட்டுமே உரிய போர்க்கால அளவு. தொடர்ந்து ஓட்டுவதற்கு 2650 ஆர்பிஎம், 7 பவுண்டு. புறப்படும் முன் குளிர்விப்பு நீர் 60 பாகை செல்சியசையும் எண்ணெய் 15 பாகையையும் எட்டியிருக்க வேண்டும். இதை வெறும் அட்டவணையாகத் தந்தால் வாசகர் தரையிலேயே நெடுநேரம் நின்று சூடேற்றுவார், அதற்குள் குளிர்விப்பு நீர் கொதிக்கத் தொடங்கிவிடும். ரேடியேட்டருக்குள் போதிய காற்று புகுவது விமானம் ஓடும்போதுதான், எனவே 60ஐத் தொட்டதும் தாமதியாமல் ஓடுதளத்துக்குப் போய்விட வேண்டும் என்ற விளக்கம் கூட வந்தால்தான் அந்த எண் பயன்படும். மிக்-21பிஸ் இறங்கும்போது த்ராட்டிலைச் சட்டென்று முழுவதுமாகப் பின்னுக்கு இழுக்கக் கூடாது என்று எழுதினால் போதாது. இன்ஜினிலிருந்து எடுத்த காற்றை ஃபிளாப்பின்மேல் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் மடிப்பின்மேல்) ஊதி விமானத்தைத் தாங்கும் அமைப்பு அதில் உண்டு. இன்ஜின் தணிந்தால் அந்தக் காற்றும் குறைந்து விமானம் கல்போல் விழும். இதைப் படித்தவர் அதன்பிறகு மறக்கவே மாட்டார்.

எந்த அளவை எழுதுவது என்பதிலும் தேர்வு இருக்கிறது. ஹார்னெட் இறங்கும் வேகத்தை நாட் (knot) என்ற வேக அளவில் எழுதினால் அது எடைக்கு எடை மாறும், 8.1 பாகைத் தாக்குகோணம் (எதிர்வரும் காற்றுக்கு இறக்கை சாய்ந்திருக்கும் கோணம்) மாறாது, அதற்குக் காக்பிட்டில் ஒரு மஞ்சள் வட்ட விளக்கும் இருக்கிறது. கோணத்தையும் விளக்கையும் எழுதுங்கள். கப்பலிலிருந்து ஏவப்படும்போது எடைக்கு ஏற்ப மாற வேண்டியது ஸ்டேபிலேட்டரின் (வாலிலுள்ள கிடைப்பரப்பின்) டிரிம். 44,000 பவுண்டு வரை 16 பாகை, 45,000 முதல் 48,000 வரை 17, 49,000க்கும் அதற்கு மேலும் 19. விமானத்தின் எடையும் அப்போதைய கோணமும் திரையின் செக்லிஸ்ட் பக்கத்திலேயே தெரியும் என்ற குறிப்பைச் சேர்க்காவிட்டால், வாசகர் குண்டுகளின் எடையைத் தாளில் கூட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆயுதங்களுக்கு வரும்போது பலர் வழி தவறுகிறார்கள். ரேடார் ஓர் அத்தியாயம், ஏவுகணை ஓர் அத்தியாயம், எதிர்ப்பு அமைப்புகள் ஓர் அத்தியாயம் எனப் பலகை வாரியாகப் பிரித்துவிடுகிறார்கள். பறப்பவருக்கு அவை தனித்தனியாக வருவதில்லை. ஓர் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு, ஆயுதங்களை இயங்கவிடும் மாஸ்டர் ஆர்ம் சுவிட்சில் தொடங்கி, இலக்கைப் பிடித்து, விடுவித்து, விலகிச் செல்வது வரை ஒரே ஓட்டமாக எழுதுவது மேல். அதனால் சில படிகள் திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும், வரட்டும். நடுவானில் "பக்கம் 41ஐப் பார்க்கவும்" என்ற வரியைப் பின்பற்ற யாருக்கும் மூன்றாவது கை இல்லை.

எழுதி முடித்ததும் இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது, ஒரு வாரம் அந்த விமானத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, நினைவை நம்பாமல் உங்கள் எழுத்தை மட்டுமே பார்த்து இயக்குவது. இரண்டாவது, அந்த விமானத்தை அறியாத ஒருவரை உட்காரவைத்து, பின்னால் நின்று வாயைத் திறக்காமல் பார்ப்பது. அவர் தயங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அநேகமாக அங்கே ஒரு பதில் விடுபட்டிருக்கும். அவர் கேள்வி கேட்டால் பதிலைச் சொல்லிவிடாமல் கையேட்டில் எழுதிக் கொடுங்கள். கடினம்தான், வாய் துடிக்கும்.

சிமுலேட்டர் விமானங்கள் வெளியான பிறகும் மாறிக்கொண்டே இருப்பவை. ஹார்னெட் 2018இல் முற்றுப்பெறாத வடிவில் வெளியாகி, அதன்பின் பல ஆண்டுகளாகப் புதிய வசதிகளைப் பெற்றுவந்தது. ஆகவே ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்புக்குக் கீழும் அதைக் கடைசியாகச் சோதித்த தேதியையும் சிமுலேட்டரின் பதிப்பு எண்ணையும் குறிப்பிடுங்கள். நூல் முழுமைக்கும் ஒரே தேதி போதாது. புதுப்பிப்பு வந்ததும் மாற்றக் குறிப்புகளில் உங்கள் விமானத்தின் பெயரைத் தேடி, மாறிய அத்தியாயத்தை மட்டும் மறுபடி பறந்து பார்த்துவிட்டு அதன் தேதியை மாற்றினால் போதும்.