தாத்தா பெட்டியில் கிடைத்த காலித் தோட்டா: எந்த ரகம், எந்த வருஷம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

பெரம்பூரில் எங்கள் தாத்தா வீட்டைக் காலி செய்தபோது தகரப் பெட்டிக்குள் பழைய சாவிகளோடு ஒரு பித்தளைக் கூடும் கிடந்தது. துப்பாக்கித் தோட்டாவின் காலி உறை. சென்னையின் பழைய வீடுகளில் இது அபூர்வமில்லை. பலர் அதைப் பேனா மூடியாகவோ சாவிக்கொத்தாகவோ மாற்றிவிடுகிறார்கள். அதற்கு முன் அரை மணி நேரம் செலவழித்தால், அந்தக் கூடு தன் ஊரையும் வயதையும் தானே சொல்லிவிடும்.

முதல் வேலை: அது காலிதானா?

வாய்ப்பக்கம் பாருங்கள். கூர்மையான குண்டு இன்னும் செருகியிருந்தால் அது உயிருள்ள தோட்டா என்றே வைத்துக்கொள்ளுங்கள். குலுக்காதீர்கள், பிடுங்கிப் பார்க்காதீர்கள், அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், 112-க்கும் அழைக்கலாம். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

குண்டு இல்லையென்றால் கூட்டைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். நடுவில் சின்ன வட்டமாக இருப்பதுதான் கேப்பு. சுட்ட தோட்டாவில் அதன் மேல் ஒரு குழி விழுந்திருக்கும். குழி இல்லாத கேப்புக்குள் தீப்பற்றும் மருந்து இன்னும் இருக்கலாம், அதையும் தொடாதீர்கள். வாய் திறந்து, உள்ளே ஒன்றுமில்லாமல், கேப்பில் குழியும் இருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போகலாம்.

கழுவாதீர்கள்

நம் வீட்டுக் கை பித்தளையைப் பார்த்ததும் புளியைத் தேடும். நானும் அதைத்தான் செய்தேன். கூடு பளபளவென்று ஆனது. ஆனால் கேப்பைச் சுற்றி மங்கலாக இருந்த ஊதா வளையம் புளியோடு போய்விட்டது. பிரிட்டிஷ் ராணுவத் தோட்டாக்களில் அந்த வண்ணப் பூச்சு ஓர் அடையாளம்: 303 ரகத்தில் ஊதா என்றால் சாதாரணக் குண்டு, சிவப்பு என்றால் பாயும் பாதையை ஒளியால் காட்டும் குண்டு, பச்சை என்றால் இரும்புக் கவசத்தைத் துளைக்கும் குண்டு. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வளையம் திரும்பி வரவில்லை.

கடையில் விற்கும் பாலிஷும் வேண்டாம். சிலவற்றில் அம்மோனியா இருக்கும். அது பித்தளைக்கு எமன். பிரிட்டிஷ் இந்திய ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. யாரும் சுடாமலே, தொடாமலே, உறைகள் கழுத்துப் பக்கம் விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் மழைக்கால ஈரமும் சேர்ந்து, உறையை அழுத்தி நீட்டிச் செய்தபோது உள்ளே தங்கிய இறுக்கத்தைப் பிளந்துவிட்டன. இதன் காரணம் தெளிவாக விளக்கப்பட்டது 1921இல்தான். உங்கள் கூட்டின் கழுத்திலும் நீளவாக்கில் முடிபோன்ற கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

உலர்ந்த பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

அளவெடுப்பது

ஒரு வெர்னியர் கேலிப்பர் வேண்டும். பாரிமுனைப் பக்கக் கருவிக் கடைகளில் கிடைக்கும். பிளாஸ்டிக்கில் செய்தது என்றாலும் சரி, பித்தளையில் கீறல் விழாது. மூன்று அளவு எடுங்கள்: மொத்த நீளம், அடி விளிம்பின் விட்டம், வாயின் உள்விட்டம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை, கூட்டைக் கொஞ்சம் திருப்பி எடுங்கள்.

நீளம் சுமார் 56.4 மி.மீ., விளிம்பு சுமார் 13.7 மி.மீ. என்றால் அநேகமாக 303. இந்தியாவில் அதிகம் கிடைப்பது இதுதான். பெயர் 303 என்பதால் குண்டின் விட்டம் 0.303 அங்குலம் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். அது குழலுக்குள் மேடுகளுக்கு இடையிலான அளவு. குண்டு கொஞ்சம் பெரிது, 7.9 மி.மீ. அளவில் வரும். சுட்டபின் வாய் விரிந்தும் இருக்கலாம்.

விளிம்பு கிட்டத்தட்ட 19 மி.மீ. என்று அகலமாக, தோளில் சட்டென்று குறுகி, நீளம் 60 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருந்தால் மனசு துள்ள வேண்டும். அது 1871இல் வந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியுடையதாக இருக்கலாம். கருமருந்துக் காலம். முதலில் வந்தவற்றின் உறை மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. கையில் எடுத்தால் சுருட்டிய மடிப்பு தெரியும்.

வெளியே நீட்டிய விளிம்பே இல்லாமல் அடியில் பள்ளம் மட்டும், நீளம் 51 மி.மீ. என்றால் பிற்காலத்து 7.62 மி.மீ. ரகத் தோட்டா. அது பழம்பொருள் இல்லை.

அடி எழுத்து

எனக்குப் பிடித்த கட்டம் இது. பூதக்கண்ணாடியும் பக்கவாட்டு வெளிச்சமும் போதும்; கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்துகூட எழுந்து நிற்கும். ஆங்கில எழுத்தில் கே, எஃப் இரண்டும், நடுவே அம்புக்குறியும் இருந்தால் அது புனே அருகே கிர்க்கியில் 1869இல் தொடங்கிய தொழிற்சாலை. ஆர், எல் என்றால் லண்டன் அருகே உல்விச். கே மட்டும் தனியாக இருந்தால் பர்மிங்காமின் கைனாக் நிறுவனம். ஆரம்பத்தில் எல்லோரும் அதைக் கிர்க்கி என்று தப்பாகப் படிப்பார்கள். அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் சொத்து முத்திரை. இரண்டு இலக்கமாகவோ நான்கு இலக்கமாகவோ இருப்பது வருஷம். ரோமன் எண்ணில் ஏழு இருந்தால் 303 தோட்டாவின் 1910இல் வந்த ஏழாம் வடிவம்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் 303 பலவற்றிலும் மருந்தாக இருந்தது கார்டைட், நூடுல்ஸ் போல நூல் நூலாக. ஊட்டி ரயிலில் போகும்போது கடக்கும் அருவங்காட்டில் இருக்கும் தொழிற்சாலை அதற்காகத்தான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது.

எடுத்து வைப்பது

அளவுகளையும், எங்கே கிடைத்தது, யார் வைத்திருந்தார் என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அது யாருடைய பெட்டியில் இருந்தது என்பதை நீங்கள் எழுதாவிட்டால் அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. ரப்பர் பேண்டு போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் பித்தளையைக் கறுக்க வைக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள்; நம் கடற்காற்றுக்கு அது அவசியம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆசை வந்தால் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய் அந்தக் காலத் துப்பாக்கிகளைப் பாருங்கள், கூட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு. விமான நிலையத்துக்குப் போகும் பையில் அது தவறியும் இருக்கக் கூடாது. காலி உறைதான் என்று சோதனையில் விளக்கி முடிப்பதற்குள் விமானம் கிளம்பிவிடும்.