குடும்ப யோகத்தின் ஆண்டுக் கூட்டம்: எங்கே பிசகுகிறது?

ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் சேர்ந்து நடத்தும் குடும்ப யோகத்துக்குக் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம் வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அண்ணன் வீடு எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தங்கை வீடு அந்தப் பக்கம் பாறசாலையில் என்று ஒரே குடும்பம் இரண்டு மாநிலத்திலும் இருக்கிறது. இப்படிப்பட்ட யோகத்தை மெலிய வைப்பது பெரும்பாலும் எழுத்தில் வரும் பிசகுதான். கூட்டத்துக்கு வராத ஒருவர் பத்து வருடம் கழித்துப் புத்தகத்தைப் பிரித்தாலும் யார், எவ்வளவு, எதற்கு என்பது புரிய வேண்டும்.

முதல் பிசகு வம்சாவளிப் பட்டியலில். இங்கே தலைப்பெழுத்தைப் பெயருக்கு முன்னால் போடுகிறோம்; அந்தப் பக்கத்தில் பின்னால் போட்டு, வீட்டுப் பெயரையும் சேர்ப்பார்கள். த. சுகுமாரன் என்று ஒரு வரி, சுகுமாரன் டி., புத்தன்வீடு என்று இன்னொரு வரி. ஆள் ஒருவர்தான், யோகத்துக்குக் கட்டும் வரிப்பணத்தின் (சந்தா) பாக்கி மட்டும் இருவர் பேரில் நிற்கும். புத்தன்வீடு என்ற பேரிலோ ஊருக்கு நாலு வீடு இருக்கும். பேரை நம்பாமல் எண் கொடுங்கள். மூதாதை 1, அவருடைய மக்கள் 1.1, 1.2, 1.3. மூன்றாவது பிள்ளையின் இரண்டாவது பிள்ளை 1.3.2. கட்டிக்கொண்டு வந்தவருக்கு அதே எண்ணோடு 'து' (துணை) என்று சேர்த்தால் போதும்.

ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றவே கூடாது. விட்டுப்போன மூத்த பிள்ளை ஒருவரின் கிளை பிறகு தெரியவந்தால், அவரை முதலில் நுழைத்து மற்ற எல்லாரையும் ஒன்று தள்ளி எழுதுவது வழக்கம். அதோடு பழைய ரசீது, நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் தவறான ஆளைக் காட்டத் தொடங்கும். கடைசியில் கிடைக்கும் எண்ணை அவருக்குக் கொடுத்து, பிறந்த வரிசையைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். இறந்தவரின் பேரையும் பட்டியலில் அடிக்க வேண்டாம். தேதியைச் சேர்த்தால் போதும்.

பெண்மக்களின் கிளையை 'அது வேறு குடும்பம்' என்று ஒரு தலைமுறையோடு நிறுத்துவது பெரிய இழப்பு. பழைய பத்திரங்களில் 'தாவழி' என்று வருவதே தாய்வழிக் கிளையைத்தான். அந்தக் கிளையை விட்டுவிட்டால் பத்திரத்தில் வரும் பாதிப் பேர் யாரென்றே தெரியாது. யார் யார் உறுப்பினர், தத்துப்பிள்ளை உண்டா, மகள்வழிப் பேரன் உண்டா என்பதை உபவிதியில் ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்தால் வருடா வருடம் அந்த வாதம் எழாது.

பழைய பத்திரத்திலிருந்து தேதி எடுக்கும்போது எல்லாரும் செய்யும் தப்பு, அதிலுள்ள கொல்லம் ஆண்டை (மலையாள ஆண்டு) ஆங்கில வருடமாக்க, கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டுவது. கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில், சிங்ஙம் 1-ல் பிறக்கிறது. அதனால் சிங்ஙம் முதல் டிசம்பர் முடியும்வரை 824, ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) முடியும்வரை 825 கூட்ட வேண்டும். திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனத்தின் தேதியை வைத்துச் சரிபார்க்கலாம்: 1112 துலாம் 27 என்பது 1936 நவம்பர் 12. 825 கூட்டியிருந்தால் 1937 என்று ஒரு வருடம் பிந்தியிருக்கும். தனு (மார்கழி) மாதத்தில் மட்டும் நாளையும் பார்க்க வேண்டும், அதன் நடுவில்தான் ஆங்கில வருடம் மாறுகிறது. மாற்றி எழுதிய தேதிக்குப் பக்கத்தில் பத்திரத்தில் உள்ள கொல்லம் தேதியையும் அப்படியே எழுதிவிட்டால், தப்பு இருந்தாலும் பின்னால் வருபவர் திருத்திக்கொள்வார்.

பணத்துக்கு வருவோம். பொருளாளரின் சொந்த வங்கிக் கணக்கில் யோகப் பணத்தைப் போடுவது நம்பிக்கைக் குறைவால் மட்டும் தவறாகவில்லை. வட்டி அவர் வருமானத்தில் சேரும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் வாரிசுகளின் பேச்சுக்குள் போய்விடும். சங்கத்தைப் பதிவு செய்து, சங்கத்தின் பேரில் பான் அட்டை வாங்கி, இருவர் கையெழுத்துப் போடும் கணக்குத் தொடங்குங்கள். தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி பதிவுக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும். பதிவு இந்த மாநிலத்தில் என்றால் அலுவலக முகவரியும் இங்கேதான் இருக்க வேண்டும். செயலாளர் பாறசாலைக்காரராக வந்துவிட்டார் என்று முகவரியை அவர் வீட்டுக்கு மாற்றிவிட முடியாது.

ஜிபே வந்த பிறகு புதிதாக ஒரு குழப்பம். மகன் அனுப்பிய 1,000 ரூபாய் அப்பாவின் வரியா, தனக்குரியதா, அன்னதானத்துக்கா? ஸ்கிரீன்ஷாட் இதைச் சொல்லாது. பணம் அனுப்பும்போது குறிப்பு இடத்தில் '1.3.2 வரி' என்று எழுதச் சொல்லுங்கள். வந்த பணம் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட ரசீது போட்டு அடிக்கட்டையை வைத்திருங்கள். கெடுத்துவிட்ட ரசீதைக் கிழித்தெறியாமல் 'ரத்து' என்று எழுதிப் புத்தகத்திலேயே விடுங்கள். நடுவில் ஒரு எண் காணாமல் போனால் அதுதான் கேள்வியாகும்.

கல்வி உதவியை வைப்புத் தொகையிலிருந்தே எடுத்துக் கொடுப்பது கைதட்டலில் தொடங்கி மூன்றாம் வருடம் நின்றுபோகும். வைப்பு 1,00,000, வட்டி 7 விழுக்காடு என்றால் வருடத்துக்குக் கையில் 7,000. பரிசு அதற்குள் அடங்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பரிசில் எல்லைக்கே உரிய தடுமாற்றம் இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் 500-க்கு மதிப்பெண் வரும், கேரள எஸ்.எஸ்.எல்.சி.யில் ஏ பிளஸ் என்று கிரேடு வரும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து 'குடும்பத்தில் முதலிடம்' என்று அறிவித்தால் ஏதோ ஒரு பிள்ளைக்கு அநியாயம் நடக்கும். பாடத்திட்டத்துக்கு ஒரு பரிசு என்று பிரித்துவிடுங்கள்.

கூட்டத் தேதியை ஓண விடுமுறையில் வைத்தால் அந்தப் பக்கத்துக்காரர்கள் வருவார்கள், இங்கே பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு நெருங்கும். ஞாயிறு காலை என்றால் குடும்பத்தில் பள்ளிக்கு, அதாவது சர்ச்சுக்கு, போகிறவர்கள் வரமுடியாது. மே மாத இரண்டாம் சனி இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்: பள்ளிக்கூடமும் வங்கியும் விடுமுறை, கேரளத்தில் அரசு அலுவலகமும் விடுமுறை. மார்ச் 31-ல் முடிந்த கணக்கை ஏப்ரலில் தணிக்கை செய்யவும் நேரம் கிடைக்கும். ஆண்டுப் பொதுக்குழு செப்டம்பர் 30-க்குள் நடந்தாக வேண்டும் என்பதால் மே தவறினாலும் இடம் இருக்கிறது. அழைப்பைத் தமிழிலும் மலையாளத்திலும் அடியுங்கள். இங்கே முதியவர்களில் பலர் மலையாளம் படித்தவர்கள், அங்கே பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது.

கணக்கு வாசிப்பைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்காதீர்கள். பாயசம் முடிந்ததும் கார் கிளம்பிவிடும். 11 மணிக்குக் கணக்கு, தேர்தல், ஒன்றரைக்குப் பந்தி. வருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் கை தூக்கியவர்களை எண்ணிச் சமையலுக்குச் சொல்ல வேண்டாம். மூன்று நாள் முன்னால் வீட்டுக்கு ஒரு போன் போட்டுத் தலை எண்ணுங்கள். 100 பேருக்கு 12 கிலோ அரிசி, 15 லிட்டர் பாயசம், 115 இலை தாராளம்.

தேர்தலில் நிர்வாகிகள் மாறினால் படிவம் 7-ஐ மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்வதும் வங்கியில் கையெழுத்து மாற்றுவதும் உடனே நடக்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் பழைய பொருளாளர் வெளிநாடு போன பிறகு காசோலை எடுக்க ஆளிருக்காது. நடவடிக்கைப் புத்தகத்தில் 'கணக்கு ஏற்கப்பட்டது' என்று மட்டும் எழுதாமல் இப்படி எழுதுங்கள்: 'முன் இருப்பு 42,300, வரவு 61,500, செலவு 48,750, கையிருப்பு 55,050. முன்மொழிந்தவர் 1.2.4, வழிமொழிந்தவர் 1.5.1. எதிர்ப்பு இல்லை.' தலைவர் அன்றே, கலைவதற்கு முன்பே அதில் கையெழுத்திட்டு, புத்தகம், ரசீதுக்கட்டு, பாஸ்புக், முத்திரை ஆகிய நான்கையும் எண்ணிப் புதிய செயலாளர் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அதே பக்கத்தில் எழுதி வாங்க வேண்டும்.