இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பயண நேரமும்: நீங்களே கணக்கிடுவது எப்படி?

இரண்டு ஊர்ப் பெயர்களைத் தட்டினால் தூரம், நேரம் இரண்டையும் காட்டும் தளங்கள் நிறைய இருக்கின்றன. தூரத்தை நம்பலாம். நேரத்தை நம்புவதற்கு முன் ஊர்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். நீண்ட கிழக்கு–மேற்குப் பயணத்தில் போகவும் வரவும் ஒரே நேரம் என்று சொன்னால் அந்தத் தளம் காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை.

டோக்கியோ–லாஸ் ஏஞ்சலஸை வைத்துப் பார்ப்போம்.

படி 1: தூரம்

ஊர்ப் பெயர் போதாது, விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு வேண்டும். டோக்கியோவுக்கே நரிட்டா, ஹனேடா என இரண்டு இருக்கின்றன. நான் எப்போதும் பயன்படுத்துவது ‘கிரேட் சர்க்கிள் மேப்பர்’ தளம். இரண்டு குறியீடுகளையும் நடுவே சிறு கோடு போட்டுக் கொடுத்தால் போதும். அலகைக் கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நரிட்டாவிலிருந்து ஏறத்தாழ 8,750 கி.மீ. வரும். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடாதீர்கள். அந்த நேர்கோட்டில் பறந்தால் சுமார் 480 கி.மீ. கூடுதல். இரண்டு ஊர்களும் 35 டிகிரி வட அட்சத்தை ஒட்டியே இருந்தாலும், உருண்டைப் பூமியில் குறுக்குவழி கிட்டத்தட்ட 48 டிகிரி வரை வடக்கே ஏறி இறங்குகிறது.

படி 2: தோராய நேரம்

பெரிய ஜெட் விமானத்துக்கு மணிக்கு 900 கி.மீ. வைத்துக்கொள்ளலாம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணி சேருங்கள். மொத்தம் பத்தேகால் மணி.

அப்புறம் காற்று. இந்த அட்சங்களில் ஜெட் காற்றோட்டம், அதாவது விமானங்கள் பறக்கும் உயரத்தில் ஓடும் வேகக் காற்று, மேற்கிலிருந்து கிழக்கே வீசும். அது 100 கி.மீ. வேகம் என்று வைத்தால், லாஸ் ஏஞ்சலஸ் போக ஒன்பதேகால் மணி, திரும்பி வர கிட்டத்தட்ட பதினொன்றரை. போகும்போது மிச்சமாவதைவிட வரும்போது இழப்பது அதிகம் என்பதைக் கவனியுங்கள். எதிர்காற்றில் அதிக நேரம் பறக்க வேண்டியிருப்பதுதான் காரணம்.

படி 3: டிக்கெட்டில் உள்ள நேரம்

பலரும் சிக்குவது இங்கேதான். டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். மாலை 5 மணிக்கு டோக்கியோவில் கிளம்பி அதே நாள் காலை 11 மணிக்கு லாஸ் ஏஞ்சலஸில் இறங்குவதாகப் போட்டிருக்கும். அச்சுப்பிழை இல்லை, நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு இருக்கிறது.

மனக்கணக்காகக் கூட்டிக் கழிக்க வேண்டாம். இரண்டையும் யுடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றுங்கள். டோக்கியோ 9 மணி நேரம் முன்னால், அதனால் புறப்பாடு 08:00. லாஸ் ஏஞ்சலஸ் கோடையில் 7 மணி நேரம் பின்னால், அதனால் வருகை 18:00. சரி, பயணம் 10 மணி நேரம். குளிர்காலத்தில் 7 அல்ல, 8. ஜப்பானில் கோடை நேர மாற்றமே கிடையாது. எனவே பயணத் தேதியைப் பார்த்துவிட்டே கழியுங்கள்.

படி 4: சரிபார்த்தல்

விமானங்களின் போக்குவரத்தைக் காட்டும் ‘ஃபிளைட்அவேர்’ தளத்தில் விமான எண்ணைக் கொடுத்து முந்தைய நாட்களின் உண்மையான நேரங்களைப் பாருங்கள். கணக்கும் அதுவும் மோதினால் நான் அதைத்தான் எடுப்பேன்.

பின்சேர்க்கை: ஹெல்சிங்கி–டோக்கியோவுக்கு இந்தக் கணக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் இடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். 2022 முதல் ஃபின்லாந்து விமானங்கள் ரஷ்ய வான்வெளியில் பறக்க முடியாததால் சுற்றிப் போகின்றன. ஒன்பதரை மணிப் பயணம் 13 மணி நேரம் வரை நீண்டுவிட்டது. இப்படிப்பட்ட தடங்களுக்குப் படி 2-ஐ விட்டுவிட்டு நேராக 4-க்குப் போங்கள்.