பழைய வீட்டில் கை வைப்பதற்கு முன்: சின்ன ஊர்களுக்கு ஒரு வழிகாட்டி

குழு அமைப்பது, தலைவர் செயலாளர் போடுவது எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஊரின் பழைய வீடுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று நான்கு பேருக்குத் தோன்றிவிட்டால், அந்த நான்கு பேரும் ஒரு நோட்டும் போன் கேமராவுமாகத் தெருத்தெருவாக நடப்பதுதான் முதல் வேலை. இது எந்த வீடு, தோராயமாக எப்போது கட்டியது, சுவர் எதனால் ஆனது, கூரை என்ன, இப்போது யார் இருக்கிறார்கள், எங்கே ஒழுகுகிறது என்று வீட்டுக்கு ஒரு பக்கம் எழுதினால் போதும். நாலாபுறமும் படம் எடுங்கள். கதவு, ஜன்னல், தூண், படிக்கட்டின் கைப்பிடி இவற்றைக் கிட்டப் போய், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துத் தனியாக எடுங்கள். பின்னால் ஒரு ஜன்னல் உடைந்துபோனால் அதே மாதிரி செய்து தரத் தச்சருக்கு அந்தப் படம்தான் கைகொடுக்கும். 1933-இல் அமெரிக்காவில், வேலையில்லாமல் இருந்த கட்டடக் கலைஞர்களை வைத்துப் பழைய கட்டடங்களை அளந்து வரையத் தொடங்கினார்கள். அவற்றில் பல இன்று இல்லை, அந்தத் தாள்களில் மட்டும்தான் இருக்கின்றன.

பெரிய வீடுகளை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள். வேலையாட்கள் குடியிருந்த சின்ன வரிசை வீடு, பழைய கிணறு, கற்சுவர், வண்டிப் பாதை, நிழல் மரம் எல்லாமே பட்டியலில் வர வேண்டும். வயதானவர்களிடம் முதலில் பேசுங்கள், சுவரைவிட அவர்களின் நினைவுக்கு அவசரம் அதிகம்.

அடுத்தது தண்ணீர். பழைய வீட்டுக்கு எத்தனையோ எதிரிகளைச் சொல்லலாம், ஆனால் பத்துக்கு எட்டு வீட்டில் கடைசியில் போய் நிற்பது தண்ணீரிடம்தான். நல்ல மழை பெய்யும்போது குடையோடு போய் வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, குழாய் எங்கே அடைத்திருக்கிறது, தரை வீட்டை நோக்கிச் சரிகிறதா, வெளியே சரிகிறதா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். நகர்ந்துபோன ஓட்டைச் சரி செய்வதும், குழாயில் தங்கிய சருகை அள்ளுவதும், சுவரோரம் ஏறியிருக்கும் மண்ணை வெட்டி எடுப்பதும் செலவு அதிகம் இல்லாத வேலைகள். இவற்றை முடிக்காமல் உள்ளே பூச்சு வேலையில் இறங்கினால் அந்தப் பணம் வீண். மரமும் அப்படித்தான், ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை பிடித்து உளுத்துப்போகாது.

இனி சிமெண்ட் விஷயம், அதாவது பழைய சுவரில் காரை உதிர்ந்த இடங்களைச் சிமெண்ட்டால் அடைப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்யும் கெடுதல்களில் இதுதான் பெரியது. இன்று நாம் வாங்கும் போர்ட்லேண்ட் சிமெண்ட்டுக்கு இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியதே 1824-இல்தான். அதற்கு முந்தைய வீடுகளும், பின்னால் வெகு காலம்வரை கட்டிய பல வீடுகளும் சுண்ணாம்புக் காரையாலோ மண்ணாலோ கட்டியவை. சுண்ணாம்புக் காரை மென்மையானது, உள்ளே போன ஈரத்தை வெளியே விடும், சுவர் லேசாக அசைந்தால் கூடவே அசைந்துகொடுக்கும். சிமெண்ட் இரண்டையும் செய்யாது. செங்கல்களுக்கு நடுவிலுள்ள காரைச் சந்து சிமெண்ட்டால் அடைபட்டதும் ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியேற வேண்டியிருக்கும், போகும்போது உப்பைக் கொண்டுவந்து செங்கல் முகத்தில் விட்டுவிட்டுப் போகும். அப்படி ஒரு சுவரைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். செங்கல்லெல்லாம் உள்வாங்கிப்போய், சிமெண்ட் கோடுகள் மட்டும் தேன்கூட்டு அறைகள்போலத் துருத்திக்கொண்டு நின்றன. செங்கல்மேல் விரலை வைத்துத் தேய்த்தால் சிவப்புப் பொடி கையோடு வந்தது, பக்கத்துச் சிமெண்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. காரை பழுதானால் சுரண்டிவிட்டு மறுபடி வைக்கலாம், செங்கல் போனால் போனதுதான். அதனால் காரை எப்போதும் செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும்.

செய்யும் முறை இதுதான். பழைய காரையில் ஒரு துண்டை நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துபோய் அடியில் மணல் தங்கும், அதே நிறமும் பருமனும் உள்ள மணலைத் தேடுங்கள். உதிர்ந்த சந்துகளை உளியால் கையாலேயே சுரண்டுங்கள், மெஷின் வைத்தால் செங்கல் ஓரத்தையும் சேர்த்து அறுத்துவிடும். சந்தின் அகலத்தைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் வரட்டும். தண்ணீர் தெளித்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற கணக்கில் ஆரம்பித்து, யாரும் கவனிக்காத ஒரு மூலையில் முதலில் வைத்துப் பாருங்கள். பிறகு ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்ல இறுகும் பொருள், வெயிலில் சட்டென்று காய்ந்தால் பொடியாகிவிடும். ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

மற்றபடி, மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்ய விடாதீர்கள், சூளையில் வெந்து இறுகிய செங்கல்லின் மேல்தோல் போய்விடும். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். ஜன்னலில் அடிச்சட்டம் மட்டும் உளுத்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்டு வையுங்கள்.

நிலத்தை மறந்துவிட்டு வீட்டை மட்டும் காப்பாற்றுவது பாதி வேலை. யுனெஸ்கோவே 1992-இல்தான் மனிதரும் இயற்கையும் சேர்ந்து உருவாக்கிய நிலப்பரப்புகளை உலக மரபுப் பட்டியலில் தனி வகையாகச் சேர்த்தது. ஊர் அளவில் இதன் பொருள் எளிது: குளத்துக்கு வரும் வாய்க்கால் அடைபட்டால் குளம் இருந்தும் பயனில்லை, பாதையின் வளைவை நேராக்கினால் அந்தத் தெருவே வேறு தெரு. மரத்தின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில் இரண்டடிக்குள்தான் ஓடுகிறது, கிளை பரந்த எல்லையையும் தாண்டிப் போகிறது. குழாய் பதிக்கத் தோண்டும் ஒரு பள்ளம் போதும், மரம் உடனே சாகாது, சில வருடம் கழித்து உச்சியிலிருந்து காயும், காரணம் என்ன என்று அப்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது. அடிமரத்தைச் சுற்றி மண் குவிப்பதும் அதே கெடுதலைத்தான் செய்யும். கிழ மரம் நன்றாக இருக்கும்போதே அதன் வாரிசை நட்டுவிடுங்கள்.

வீட்டுக்காரர்களிடம் பேசுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். விற்கிறார் என்று கேள்விப்பட்ட பிறகு போய் நிற்பதில் பயனில்லை, அதற்கு வெகு முன்பே போங்கள், குறை சொல்ல அல்ல, கூரைக்கு ஆள் பிடித்துத் தர. விதிமுறை எழுதும் நிலை வந்தால் தெருவிலிருந்து தெரிவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சமையலறையும் குளியலறையும் அவர்கள் விருப்பம். தென் ஆஸ்திரேலியாவில் பர்ரா என்ற சின்னப் பழைய சுரங்க ஊரில் 1979-இல் பழைய இடங்களைக் காப்பது பற்றி ஒரு சாசனம் எழுதினார்கள். தேவையான அளவு மாற்றலாம், ஆனால் முடிந்தவரை குறைவாக மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம், எனக்குத் தெரிந்து இதைவிட நியாயமான அளவுகோல் இல்லை. எல்லா வீட்டையும் அருங்காட்சியகம் ஆக்கப் பார்க்காதீர்கள், ஆள் குடியிருக்கும் வீட்டில்தான் ஒழுகல் அன்றைக்கே கண்ணில் படும்.

பணம் திரட்ட முடிந்தால் சுழல் நிதி நல்ல வழி. விழப்போகும் ஒரு வீட்டை வாங்கி, பழுது பார்த்து, இடிக்கக் கூடாது என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி விற்றுவிட்டு, வந்த பணத்தில் அடுத்த வீட்டுக்குப் போவது. அடுத்தடுத்து வாங்குபவர்களையும் அந்த நிபந்தனை கட்டுப்படுத்துமா என்று உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டுக்கு இரண்டு நகல் எடுத்து, ஒன்றை நூலகத்திலோ பள்ளியிலோ, இன்னொன்றை வேறொரு வீட்டிலோ வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அதே மாதத்தில், அதே இடத்தில் நின்று மறுபடி படம் எடுங்கள், போன வருடப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த வீட்டின் கதவை முதலில் தட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும்.