சிக்னல்களை இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சிக்னலில் பச்சையில் புறப்பட்டவர் அடுத்ததிலும் நிற்காமல் போகும்படி நேரம் வைப்பதைத்தான் சிக்னல்களை இணைப்பது என்கிறோம். புதிதாகச் சேரும் இளம் பொறியாளர்கள் எழுதும் சிக்னல் திட்டங்களைப் பார்க்கிறேன். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே கோளாறுகள் அச்சு மாறாமல் வருகின்றன. விளக்கு எரியவில்லை, மரக்கிளை மறைக்கிறது என்பவற்றை விட்டுவிடுகிறேன்; அவை யார் கண்ணிலும் படும்.

ஒரு சந்திப்புக்கு மட்டும் ஐந்து விநாடி கூட்டுவது

இதைக் கண்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒரு திசைக்குப் பச்சை தொடங்கி அதே திசைக்கு அடுத்த பச்சை தொடங்கும் வரை ஆகும் சுழற்சி நேரம், இணைத்த சந்திப்புகள் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே பச்சை விழுந்து இத்தனை விநாடி கழித்து அங்கே விழ வேண்டும் என்ற ஆஃப்செட் கணக்கே அதை நம்பித்தான் இருக்கிறது.

புதுச்சேரியில் ஒரு சாலை. மூன்று சந்திப்புகள், 90 விநாடிச் சுழற்சி. நடுச் சந்திப்பில் குறுக்குச் சாலைக்காரர்கள் முறையிட்டார்கள் என்று, யாரோ ஒருவர் சிக்னலை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து அந்தப் பக்கப் பச்சையில் 5 விநாடி கூட்டிவிட்டுப் போய்விட்டார். பதிவேட்டில் ஒரு வரி கூட இல்லை. அங்கே மட்டும் சுழற்சி 95 ஆயிற்று. ஒவ்வொரு சுற்றிலும் 5 விநாடி பிந்தியது. ஒன்பது சுற்றில் 45. அதாவது நேர் எதிர்நிலை. முதல் சந்திப்பிலிருந்து புறப்பட்ட கூட்டம் மொத்தமும் சிவப்பில் போய் நிற்கும். கொடுமை என்னவென்றால், பதினெட்டுச் சுற்று முடிந்ததும், அதாவது 28½ நிமிடத்தில், எல்லாம் தானாகச் சரியாகிவிடும்!

பத்து மணிக்குப் பார்த்த அதிகாரி "நன்றாகத்தானே ஓடுகிறது" என்றார். பத்தே காலுக்கு வந்த பஸ் ஓட்டுநர் வாய்க்கு வந்தபடி திட்டினார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இடையில் ஆஃப்செட்டை மாற்றினார்கள், ஓரத்தில் நிறுத்திய வண்டிகளைப் பழித்தார்கள். கடைசியில் ஓர் உதவியாளரை முதல் சந்திப்பில் நிறுத்தி, பச்சை விழும்போதெல்லாம் கைபேசியில் சொல்லச் சொன்னேன். நடுச் சந்திப்பில் நின்று இடைவெளியைக் குறித்தேன்: 47, 52, 57. பிறகு சந்தேகமே இல்லை.

குறுக்குச் சாலைக்கு நேரம் வேண்டுமா? பிரதான சாலையின் பச்சையில் வெட்டி, 90க்குள்ளேயே கொடுங்கள். போதாது என்றால் மூன்றையும் 95 ஆக்கி ஆஃப்செட்டைப் புதிதாகக் கணக்கிடுங்கள். சுழற்சி 90 ஆக இருக்கும்போது சின்னச் சந்திப்புக்கு மட்டும் 45 வைக்கலாம். பாதி என்பதால் பிசகாது.

தூரத்தை வேகத்தால் வகுத்துவிட்டுக் கையைக் கழுவுவது

இரண்டு சந்திப்புக்கு இடையே 400 மீட்டர், மணிக்கு 36 கிலோமீட்டர். ஆகவே ஆஃப்செட் 40 விநாடி. காகிதத்தில் சரி. ஆனால் அடுத்த சந்திப்பில், பக்கச் சாலையிலிருந்து திரும்பிய ஆட்டோக்களும் ஒரு டவுன் பஸ்ஸும் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. அவை நகர்வதற்குள் பின்னால் வருகிறவர்கள் பிரேக் போட வேண்டியதுதான். வரிசை கலைய ஆகும் நேரத்தைக் கழித்து, பச்சையை அந்த அளவு முன்னதாகத் திறக்க வேண்டும். வேகத்தையும் வேகவரம்புப் பலகையிலிருந்து எடுக்காதீர்கள். நெரிசல் நேரத்தில் அந்தச் சாலையில் ஓட்டிப் பார்த்து எடுங்கள்.

இரண்டு திசைக்கும் பச்சை அலை

நிற்காமல் பச்சை பச்சையாகத் தாண்டிப் போகும் வாய்ப்பு ஒரே நேரத்தில் இரண்டு திசைக்கும் பெரும்பாலும் கிடைக்காது. காலையில் ஒரு திசை, மாலையில் மறுதிசை என்று தேர்ந்துகொள்ளுங்கள்.

ஞாயிறு

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிறு சந்தை கூடும் நாளில் வாரநாள் திட்டம் ஓடக் கூடாது.

நடப்பவர்களின் விநாடியைத் திருடுவது

நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்தாலும் 12 மீட்டர் சாலையைக் கடக்கப் பத்து விநாடி ஆகும். முதியவர்களுக்கு அதுவும் போதாது. குறுக்குச் சாலையின் பச்சையைச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது, அதே நேரத்தில் பிரதான சாலையைக் கடக்கும் இவர்கள்தான்.

மின்வெட்டுக்குப் பிறகு பார்க்காமல் இருப்பது

நேரத் திட்டத்துக்குப் பொதுக் கடிகாரமே உயிர். மின்சாரம் போய் வந்த பிறகு ஒரு கன்ட்ரோலரின் கடிகாரம் மட்டும் பிசகினால், சுழற்சி சரியாக இருந்தும் ஆஃப்செட் வீணாகும். ஜி.பி.எஸ். நேரத்தோடு ஒத்திசையும் வசதி இருந்தால், அது வேலை செய்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

ரயில்வே கேட்டை மறப்பது

புதுச்சேரி கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. பஞ்சாலை அருகே கேட் திறந்ததும் தேங்கிய வண்டிகள் ஒரே மூச்சில் வரும். எந்த ஆஃப்செட்டும் அதைத் தாங்காது. அந்தச் சில நிமிடங்களுக்குப் போக்குவரத்துக் காவலர் கையால் இயக்கட்டும். ஆனால் அவர் தானியங்கிக்கு மாற்றியதும் கன்ட்ரோலர் தன் பழைய ஆஃப்செட்டுக்கு எத்தனை சுற்றில் திரும்புகிறது என்பதைத் திட்டத்தை ஒப்படைக்கும் முன்பே சோதித்துவிடுங்கள்.