தூண் எவ்வளவு சுருங்கும்? கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கான்கிரீட் தூண் சுருங்குமா என்ன?" என்ற நினைப்புதான் முதல் தவறு. 3 மீட்டர் உயரம், 300க்கு 300 மி.மீ. அளவு, எம்25 என்ற வலிமைத் தரக் கான்கிரீட்டால் ஆன தூணை எடுத்துக்கொள்வோம். மேலே 500 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 50 டன் சுமை. சுமையைத் தூணின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் வருவது தகைவு: 5.6 மெகாபாஸ்கல், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 5.6 நியூட்டன். ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிப்படி எம்25-க்கு யங் குணகம், அதாவது பொருளின் விறைப்பைக் காட்டும் எண், 25,000 மெகாபாஸ்கல். தகைவை அதனால் வகுத்து உயரத்தால் பெருக்கினால் 0.67 மி.மீ. வரும். உள்ளே கம்பி இருப்பதால் இன்னும் சற்றுக் குறையும்.

இந்தக் கணக்கில் அலகைக் கலக்காதீர்கள். நியூட்டன், மில்லிமீட்டர், மெகாபாஸ்கல் மூன்றையும் சேர்த்தே பயன்படுத்தினால் குழப்பம் வராது.

ஆனால் அடிக்கடி நடக்கும் தவறு வேறு: வலிமையையும் (எவ்வளவு சுமை தாங்கும்) விறைப்பையும் (சுமையில் எவ்வளவு குறைவாக உருமாறும்) ஒன்றாக எண்ணுவது. சுருக்கத்தைக் குறைக்க எஃப்இ415 கம்பிக்குப் பதில் அதைவிட வலிமையான எஃப்இ500 கம்பி போடலாம் என்பார்கள். போட்டாலும் சுருக்கம் அப்படியேதான் இருக்கும். இரண்டுக்கும் யங் குணகம் அதே 2,00,000 மெகாபாஸ்கல்; எஃப்இ500 இன்னும் அதிகத் தகைவு வரை, அதாவது 415க்குப் பதில் 500 மெகாபாஸ்கல் வரை, நிரந்தரமாக உருமாறாமல் தாங்கும், அவ்வளவுதான். கான்கிரீட்டிலும் எம்25-ஐ எம்50 ஆக்கினால் வலிமை இரட்டிப்பாகும், குணகமோ 41 சதவீதம்தான் கூடும். விதியில் அது வலிமையின் வர்க்கமூலத்தோடு போகிறது. சுருக்கம் பாதியாக வேண்டுமென்றால் தூணின் பரப்பைக் கூட்டுவதே நேர்வழி.

அப்புறம், 0.67 மி.மீ. என்பது சுமை ஏறிய உடனே வரும் சுருக்கம் மட்டுமே. சுமை ஆண்டுக்கணக்கில் நின்றால் கான்கிரீட் மெல்ல மெல்ல மேலும் அமுங்கும். 28 நாள் வயதில் சுமை ஏறினால் இந்தக் கூடுதல் பங்கை அந்த உடனடிச் சுருக்கத்தைப் போல 1.6 மடங்கு என்று அதே ஐஎஸ் 456 எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆக மொத்தம் 1.7 மி.மீ.க்கு மேல். அது முழுவதும் திரும்பி வராது. உயரமான கட்டடத்தில் தளத்துக்குத் தளம் இது கூடிக்கொண்டே போகும். பக்கத்துத் தூணும் சுவரும் வேறு அளவில் சுருங்கினால் தளம் சாயும், பூச்சு வெடிக்கும்.

மெல்லிய உறுப்பில் இந்தச் சூத்திரத்தை மட்டும் நம்பவே கூடாது. 10 மி.மீ. விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள எஃப்இ500 கம்பியை நிறுத்தி வைத்து மேலிருந்து அழுத்துங்கள். தகைவுக் கணக்கு 4 டன் தாங்கும் என்கிறது. இரு முனையும் கீல் போலத் திரும்ப முடிந்தால், மெல்லிய உறுப்பு எந்தச் சுமையில் வளையும் என்று சொல்லும் ஆய்லரின் சூத்திரப்படி சுமார் 100 கிலோவிலேயே பக்கவாட்டில் வளைந்துவிடும். அந்த நேரத்தில் அது சுருங்கியிருப்பது வெறும் 0.06 மி.மீ.

ரப்பரில் தவறு வேறு விதம். அழுத்தினால் அதன் கன அளவு பெரும்பாலும் மாறாது, பக்கவாட்டில்தான் பிதுங்கும். பிதுங்க இடம் இல்லையென்றால் அது மிகவும் விறைப்பாகிவிடும். பாலத்தின் தளத்துக்கும் தூணுக்கும் இடையே வைக்கும் தாங்கிகளில் ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே எஃகுத் தகடுகளை வைத்து ஒட்டுவது இதற்காகத்தான். எனவே யங் குணகத்தை மட்டும் வைத்து ரப்பர் தாங்கியின் சுருக்கத்தைக் கணக்கிடக் கூடாது. ஒவ்வோர் அடுக்கின் நீள அகலமும் தடிமனும் கணக்கில் வர வேண்டும்.