போனைச் சமையலறை அலமாரியில் வைத்த பிறகு

தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். ஒரு பக்கம் எக்செல், இன்னொரு பக்கம் வாட்ஸ்அப், நடுவில் யூடியூப். ஒரு நாள் காசிமேட்டில் வாங்கிய சங்கரா மீனைக் குழம்பில் போட்டுவிட்டு, "மாடில துணி எடுத்துனு வரேன், பாத்துக்கோடா" என்று அம்மா போனார்; நானும் "சரிம்மா" என்றேன், ஆனால் எதுவும் மனதில் ஏறவில்லை, குழம்பு அடிப்பிடித்துப் புகை வந்த பிறகுதான் நிமிர்ந்தேன். அம்மா திட்டவில்லை. "நீ எங்கடா கீற?" என்று மட்டும் கேட்டார். அது இன்னும் வலிக்கிறது.

மூளை இதுபோன்ற இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்வதில்லை, மாறி மாறித் தாவுகிறது, ஒவ்வொரு தாவலிலும் நேரம் போகிறது. 2009-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஒரே சமயத்தில் பலதையும் பார்த்துப் பழகியவர்கள்தான் வேலை மாறும்போது அதிகம் தடுமாறினார்கள்.

முதலில் நோட்டிஃபிகேஷனை மட்டும் அணைத்தேன். போதவில்லை, கை தானாகப் போனைத் தேடியது. அப்புறம் போனையே சமையலறை அலமாரியில் வைத்தேன், அழைப்பு மணி மட்டும் கேட்கும். வாட்ஸ்அப் 11 மணிக்கும் 4 மணிக்கும்தான். முதல் வாரம் ஒரே எரிச்சல். இப்போது ஜிஎஸ்டி கணக்கு மதியத்துக்குள் முடிகிறது. ஞாயிறு காலை அம்மாவோடு காசிமேடு போகிறேன், போன் வீட்டில்.